சாராள் அடித்த கூடாரம்

அரைப் பரீட்சை முடிந்த கையோடு சாரணர் முகாம் என்று வீரராகவன் வாத்தியார் காலைப் பிரேயரில் அறிவித்தபோது, பையன்கள் வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் ஒரு சவுக்குத் தோப்பு. கூடாரம் அடித்துத் தங்குவது. சுற்றுவட்டாரப் பள்ளிகள் எல்லாம் வருகின்றன. பிறகு அவர் பெண்கள் பக்கம் திரும்பி, சாரணியர் மட்டும் கடைசி நாள் காலையில் வந்தால் போதும் என்றார். அன்றைக்கு விருந்தினர் வருகிறார்கள். வாசலில் கோலம் போட வேண்டும், ஆரத்தி எடுக்க வேண்டும், ஜூஸ் கொடுக்க வேண்டும்.

பெண்கள் வரிசையின் முன்னால் நின்ற சாராள் கையைத் தூக்கினாள். பிரேயரில் யாரும் கை தூக்குவதில்லை. வாத்தியார் பார்க்காதது போல இருந்தார். கை இறங்கவில்லை. கடைசியில் என்ன என்று கேட்டார்.

“எங்களுக்கும் கூடாரம் வேணும் சார்.”

இது நடந்தது 1967இல். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போது அரிசி ஆலையும் செங்கல் சூளையும்தான் தொழில். சாராளின் அப்பா யேசுதாஸ் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங் வேலையில் சேர்ந்திருந்தார். அந்தக் குடும்பத்தில் அடுத்தவர் நிலத்தை விட்டு வெளியே வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். அம்மா மேரி இன்னும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள். சாராள் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் சாரணர் படை தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாரணியரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய தையல் டீச்சர் பொன்னேரியிலிருந்து ரயிலில் வந்து போகிறவர். பள்ளி விட்ட மணிக்கு ஸ்டேஷனுக்கு ஓடிவிடுவார். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் பெண்களும் பையன்களோடு நின்று வீரராகவன் வாத்தியாரிடமே எல்லாம் கற்றார்கள். முடிச்சுப் போடுவது, கழிகளைக் குறுக்காக வைத்துக் கட்டுவது, வெயிலை வைத்துத் திசை பார்ப்பது, அடுப்பில்லாமல் நெருப்பு மூட்டுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது. கற்றுக்கொடுக்கும்போது அவர் ஆண் பெண் என்று பார்க்கவில்லை. முகாம் என்றதும்தான் கோடு விழுந்தது.

சாராளின் அணிக்கு மீன்கொத்தி அணி என்று பெயர். மொத்தம் ஆறு பேர். அவர்களில் அங்காளம்மாள் ஏரிக்கரை மீனவர் குப்பத்திலிருந்து நடந்து வருகிறவள், சாராளுக்கு உயிர்த் தோழி. மற்றவர்கள் கூலிவேலைக் குடும்பத்துப் பெண்கள். சாரணப் பயிற்சியில் இரண்டாம் படியான செகண்ட் கிளாஸ் பாட்ஜுக்கு உரிய சோதனைகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அவர்கள் முடித்திருந்தார்கள். பாக்கி இருந்த ஒன்று, முகாமில் தங்கித் தானே சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது.

வீரராகவன் வாத்தியார் பிறகு சாராளைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார். பெண்களுக்கென்று தையல் பாட்ஜ் இருக்கிறது, நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரு பாட்ஜ் இருக்கிறது, அதையெல்லாம் வாங்கலாமே என்றார். அதை வாங்குகிறவர்கள் வாங்கட்டும், எங்களுக்கு இதுதான் வேண்டும் என்றாள் சாராள். அவர் கெட்ட மனிதர் அல்ல. தலைக்கு மேல் ஆள் இருந்தால் குனிந்துவிடுகிறவர். முகாம் அதிகாரி சம்மதித்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

முகாம் அதிகாரியாக இருந்தவர் அருணாச்சலம் என்பவர். வேறொரு பள்ளியின் ஆசிரியர், காக்கி அரைக்கால் சட்டையைக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் அணிகிறவர். அவர் நேரடியாக முடியாது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் வீட்டிலிருந்து ஒரு பெரியவள் காவலுக்கு வந்து கூடவே தங்க வேண்டும், அப்படியானால் வரலாம் என்று சொல்லியனுப்பினார். அன்றாடம் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற வீடுகள் அவை. எந்தத் தாய் வேலையை விட்டுவிட்டு மணலில் வந்து உட்காருவாள்? விஷயம் அதோடு முடிந்தது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

சாராள் அம்மாவிடம் சொன்னாள். மேரி முதலில் சிரித்தாள். வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில் கிடந்து வேலை செய்வது, மூன்று கல்லை வைத்துச் சோறாக்குவது, தரையில் படுப்பது, இதையெல்லாம் விட்டு வெளியே வரத்தானே பிள்ளையைப் படிக்க அனுப்பினோம் என்றாள்.

“படிச்சுப்புட்டு இதயா கத்துக்கினு வருவ?”

“நீ வெளில நிக்கறது ஒருத்தர் சொல்லி நிக்கற. நான் போறது எனக்குப் புடிச்சுப் போறேன். ரெண்டும் ஒண்ணாம்மா?” என்று கேட்டாள் சாராள்.

மேரி எழுந்து உலையைப் பார்க்கப் போனாள். மறுநாள் கேங் வேலை முடிந்து வந்த யேசுதாஸிடம், நாலு நாளைக்கு நீங்களே பொங்கித் தின்னுங்க என்று மட்டும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

அங்காளம்மாளின் அம்மா கங்கம்மாள் இறால் விற்கிறவள். அவளைச் சம்மதிக்க வைக்க வேண்டியே இருக்கவில்லை. எங்க கரைக்கு நான் வர்றதுக்கு எவன் ஆர்டர் குடுக்கணும் என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மற்றப் பெண்களின் வீடுகளுக்குச் சாராளும் மேரியுமாகப் போனார்கள். ஒரு வீட்டில் அம்மாவுக்குப் பதில் சித்தி வருவதாக ஒப்புக்கொண்டாள். ஒரு வீட்டில் திட்டி அனுப்பினார்கள். பிறகு அந்தப் பெண்ணே அழுது அடம்பிடித்து அத்தையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

முகாம் தொடங்கிய நாள், தலையில் அரிசி மூட்டையும் இடுப்பில் பாத்திரமுமாகப் பெண்களும் தாய்மார்களும் சவுக்குத் தோப்புக்குள் நுழைந்ததை அருணாச்சலம் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன வார்த்தையை உடனே திருப்பிக்கொள்ள முடியவில்லை. தோப்புக்குள் இடமெல்லாம் ஒதுக்கியாகிவிட்டது என்றார். தோப்பு முடிகிற இடத்தில், ஏரியைப் பார்த்தாற்போல ஒரு வெறும் மணல்வெளியைக் காட்டினார். முகாம் சாமான் கிடங்கின் அடியில் கிடந்த ஒரு பழைய கேன்வாஸ் கூடாரத்தையும் கொடுக்கச் சொன்னார். கொடியிறக்கத்துக்குள் கூடாரம் நிற்க வேண்டும், நிற்கவில்லையென்றால் எல்லாரும் ஊருக்குள் பள்ளிக் கட்டடத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்றார்.

அந்த இடத்தைப் பார்த்தவுடனே சாராளுக்குப் புரிந்தது. தோப்புக்குள் தரை இறுகியது. முளைக்குச்சியைச் சுத்தியலால் நாலு அடி அடித்தால் நிற்கும். இங்கே மணல் சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. முளையை அடித்தார்கள். கயிற்றை இழுத்தவுடன் கத்திரிக்காய்ச் செடியைப் பிடுங்கியது போல வந்துவிட்டது. சாய்த்து அடித்துப் பார்த்தார்கள், இரண்டு முளையைச் சேர்த்து அடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை. தோப்போரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த சில பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் இங்கே வந்து அடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதாகவும் சாராள் பின்னாளில் சொல்வாள்; அவன் எந்தப் பள்ளி என்று தெரியவில்லை.

அங்காளம்மாள்தான் வழியைத் திறந்தாள். தன் அண்ணன்கள் படகைக் கரையில் கட்டும்போது முளை அடிப்பதில்லை, கயிற்று நுனியில் கல்லைக் கட்டி மணலில் புதைத்துவிடுவார்கள் என்றாள். இங்கே கல் இல்லை. சாராள் யோசித்துவிட்டு, காய்ந்து விழுந்த சவுக்குக் கிளைகளைப் பொறுக்கிவரச் சொன்னாள். முழ நீளத்துக்கு ஒடித்துக் கட்டாகக் கட்டி, கட்டின் நடுவில் கூடாரக் கயிற்றை முடிந்தார்கள். முழங்கை ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, கயிறு இழுக்கிற திசைக்குக் குறுக்காக அந்தக் கட்டைப் படுக்கவைத்து, மணலைத் தள்ளி, ஏரித் தண்ணீரை ஊற்றி, ஏறி மிதித்தார்கள். சாராள் கயிற்றைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. டிசம்பரில் அந்தக் கரையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். கூடாரத்தின் முதுகை அந்தப் பக்கம் வைத்து, வாசலைத் தென்மேற்குக்குத் திருப்பினார்கள். அடுப்பைக் காற்று போகிற பக்கமாக, பொறி பறந்தாலும் கேன்வாஸில் விழாதபடி தள்ளி அமைத்தார்கள். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, அதன் வாயை ஏரிப் பக்கம் சரித்துவிட்டார்கள். மறைவாக ஓலைத் தட்டி கட்டிக் கழிவறைக் குழி தோண்டினார்கள். ஒவ்வொரு தடவையும் போட்டு மூட மண்ணைப் பக்கத்திலேயே குவித்துவைத்தார்கள். மேரி குழியைப் பார்த்துவிட்டு, இது நல்லாக்குதே, நம்ம தெருவுல கூட இல்லியே என்றாள். கொடியிறக்க விசில் ஊதியபோது மீன்கொத்தி அணி உடுப்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு வரிசையில் போய் நின்றது. கூடாரம் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

அன்று பொழுதுசாயும் நேரம் சாராள் கூடாரக் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டு போனாள். கட்டினதை ஏன் அவிழ்க்கிறாய் என்று கங்கம்மாள் கேட்டாள். பனி விழுந்தால் கயிறு சுருங்கும், தளர்த்தாவிட்டால் விடியும்போது புதைத்த கட்டையே பிடுங்கிவிடும் என்று மகள் அங்காளம்மாள் பதில் சொன்னாள். கங்கம்மாளுக்கு அது தெரியும். மகளுக்குத் தெரியுமா என்று பார்த்தாளாம்.

இரண்டாம் நாள் நல்லபடியாகப் போனது. பெண்கள் கொடி அசைத்துச் சைகையால் செய்தி அனுப்பினார்கள், மூங்கிலில் பாத்திரம் வைக்கிற பரண் கட்டினார்கள், தங்கள் சோற்றைத் தாங்களே பொங்கினார்கள். தாய்மார்களுக்கு வேலையே இல்லை. பகலில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்து அவர்களுக்குப் பழக்கம் இல்லை. முதலில் கூச்சப்பட்டு, பிறகு மணலில் கால் நீட்டி உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்தார்கள். மேரி மதியத்தில் தூங்கினாள். அம்மா பகலில் தூங்கி சாராள் பார்த்தது அதுவே முதல் தடவை.

அருணாச்சலத்தின் கண்ணில் பட்டது அந்தத் தூக்கம்தான்.

மூன்றாம் நாள் காலை, கொடியேற்றம் முடிந்ததும் அவர் மணல்வெளிக்கு வந்தார். மறுநாள் விருந்தினர் வருகிறார்கள், இந்தப் பொம்பளைகள் சும்மாதானே இருக்கிறார்கள், அதிகாரிகளின் சமையலறைப் பாத்திரங்களைத் தேய்த்து, அணிவகுப்பு மைதானத்தையும் கூட்டிப் பெருக்கட்டும் என்று சாராளிடம் சொன்னார். தாய்மார்களிடம் நேராகச் சொல்லவில்லை. பக்கத்தில் வீரராகவன் வாத்தியாரும் நின்றார்.

சாராள் வாயைத் திறப்பதற்குள் மேரி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சார், காவலுக்குன்னு வரச் சொன்னீங்க, வந்துக்குறோம். பாத்திரம் தேய்க்கச் சொல்லிருந்தா வந்துருக்க மாட்டோம்.”

“இங்கதானேம்மா சாப்பிடறீங்க? கொஞ்சம் வேலை செஞ்சா என்ன குறைஞ்சிடும்?”

“எங்க சோறு எங்க ஊட்டு அரிசி. எங்க பொண்ணுங்க ஆக்கறாங்க. உங்க சோறு ஒரு பருக்க நாங்க தொடல.”

இது முகாம், இங்கே தான் போடுவதுதான் ஆர்டர் என்றார் அருணாச்சலம். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. தோப்போரம் பையன்கள் கூடிவிட்டார்கள்.

மேரியின் குரல் உயரவில்லை. “கழனில தெனம் ஒருத்தர் ஆர்டர் போடறாரு சார். அவுரு கூலி குடுக்கறாரு, நாங்க குனியறோம். நீங்க இன்னாத்துக்குக் குனியச் சொல்றீங்க?”

அவர் சாராள் பக்கம் திரும்பினார். அம்மாவை மன்னிப்புக் கேட்கச் சொல், இல்லையென்றால் உன் அணி இந்த முகாமில் இருக்க முடியாது என்றார்.

சாராள் விறைப்பாக நின்றபடியே பேசினாள். “சாரணர் தன் பாத்திரத்தத் தானே தேய்க்கணும்னு நீங்கதான் சார் மொத நாள் சொன்னீங்க. அம்மா மன்னிப்பு கேக்க மாட்டாங்க. நானும் கேக்கச் சொல்ல மாட்டேன்.”

“அப்ப கூடாரத்தைப் பிரி.”

வீரராகவன் வாத்தியார் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாராள் அவரையே பார்த்தாள். அவர் நிமிரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது அப்போதுதான். அதிகாரி திட்டியபோது வரவில்லை. அதை விழுங்கிக்கொண்டு விசிலை எடுத்து ஊதினாள். மீன்கொத்தி அணி கூடியது.

முகாமைக் கலைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அவசரத்தில் அதை விட்டுவிடக் கூடாது என்று சாராள் பிடிவாதமாக இருந்தாள். அடுப்பில் தண்ணீர் தெளித்து, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்தது தெரிந்த பிறகு புதைத்தார்கள். குழிகளை மூடி மேலே குச்சி நட்டு அடையாளம் வைத்தார்கள். புதைத்த சவுக்குக் கட்டுகளைத் தோண்டி எடுத்துக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்கள். கேன்வாஸை உதறி, பனி ஈரம் போக வெயிலில் காயவைத்து, மடித்துக் கொண்டுபோய்க் கிடங்கில் வைத்தார்கள். அதையெல்லாம் செய்து முடிக்க மதியமாகிவிட்டது. நீங்கள் போகலாம் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். வேலை முடியாமல் போக மாட்டோம் என்று சொல்லியனுப்பினாள்.

எல்லாரும் வீட்டுக்குப் போவதாகத்தான் தாய்மார்கள் நினைத்தார்கள். கங்கம்மாள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு எதுக்கு என்றாள். அந்தத் தோப்புக்கு அடுத்த வளைவில்தான் அவளுடைய குப்பம்.

“எங்க மணல்ல வந்து எவன் ஆர்டர் போடறான்னு பாக்கறேன். வாங்கடி.”

குப்பத்தில் எல்லாரும் கையைத் தட்டி வரவேற்றுவிடவில்லை. கூலிக்காரத் தெருப் பெண்கள் நம் கரையில் தங்குவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். கங்கம்மாள் அவர்களோடு கொஞ்ச நேரம் உரக்கப் பேசினாள். என்ன பேசினாள் என்பதை இங்கே எழுதுவது மரியாதையாக இருக்காது. முடிவில், வலை உலர்த்துகிற மேட்டுக்கு அந்தப் பக்கம் தங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

கூடாரம் இல்லை. ஆனால் ஒரு கிழிந்த படகுப் பாய் கிடைத்தது. ஆழமில்லாத ஏரியில் படகைத் தள்ளுகிற நீளக் கழிகள் கிடைத்தன. சாராளும் அங்காளம்மாளும் கழிகளை இரண்டிரண்டாகக் கத்தரி போலக் கட்டி நிறுத்தி, மேலே ஒரு கழியை உத்தரமாக வைத்து இறுக்கினார்கள். பாயை அதன்மேல் போர்த்தி, காற்றுப் பக்கத்து விளிம்பை மணலுக்குள்ளேயே புதைத்தார்கள். கிழிசலுக்கு நேர்கீழே யாரும் படுக்காதபடி இடம் பிரித்தார்கள். சுள்ளியையும் சவுக்குக் காய்களையும் முதலிலேயே உள்ளே எடுத்துப் போட்டு, சாக்கு போட்டு மூடினார்கள். வானம் ஏரிக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தது.

விளக்கேற்றும் நேரத்தில் மழை பிடித்தது. மழையில் கூடாரத் துணியை உள்ளேயிருந்து கையால் தொடக் கூடாது, தொட்ட இடத்தில் ஒழுக ஆரம்பித்துவிடும்; தாய்மார்களிடம் சாராள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி தொட்டுவிட்டாள். ஒரு பக்கம் ஒழுகியது. எல்லாரும் மறுபக்கம் நெருங்கி உட்கார்ந்தார்கள். சாராளும் அங்காளம்மாளும் வெளியே போய்ச் சுற்றி வாய்க்கால் வெட்டிவிட்டு நனைந்துபோய் வந்தார்கள். பாய் தாங்கியது. சவுக்குத் தோப்பில் பையன்களின் கூடாரங்கள் சரிந்து விழுந்தன என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவையும் நன்றாகத்தான் நின்றன. வீரராகவன் வாத்தியார் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்திருந்தார்.

விடிந்ததும் காய்ந்த சவுக்குக் காய்களை வைத்து நெருப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். சோதனையில் கேட்கக்கூடிய எல்லாவற்றையும் சாராள் அணியிடம் அங்கேயே கேட்டாள். பார்க்க அதிகாரி யாரும் இல்லை. செய்தார்கள். பிறகு உடுப்பை நெருப்பருகில் காட்டி உலர்த்தி, ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, கரை வழியாகத் தோப்புக்கு நடந்தார்கள்.

விருந்தினர்கள் மேடையில் இருந்தார்கள். வாசலில் கோலம் இல்லை. பையன்கள் அணியணியாக நின்றார்கள். மீன்கொத்தி அணி போய்க் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் நின்று கொடிக்கு வணக்கம் வைத்தது. அருணாச்சலம் மேடையிலிருந்தே கண்ணால் போகச் சொன்னார். ஒரு ஆளையும் அனுப்பினார். அந்த ஆள் வந்து, உங்களுக்கு இங்கே இடமில்லையாம் என்று மெதுவாகச் சொன்னார்.

“நாங்க நின்னுகினுதான இருக்கறோம்” என்றாள் சாராள். “யார் இடத்தயும் எடுத்துக்கலியே.”

விருந்தினர் முன்னால் அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. பாட்ஜுகள் கொடுத்தார்கள், பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். மீன்கொத்தி அணியிலிருந்து யார் பெயரும் வரவில்லை. தேசிய கீதம் முடிகிறவரை நின்றுவிட்டு, ஜூஸ் குடிக்காமல், கொடுக்காமல், பெண்கள் தாய்மார்களோடு ரோட்டுக்கு நடந்தார்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது சாரணியர் படை கலைக்கப்பட்டிருந்தது. உடுப்பைத் திருப்பித் தரச் சொன்னார்கள், தந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை சாராளும் அணியும் பாவாடை தாவணியோடு மைதானத்துக்குப் போய்ப் பையன்களுக்குப் பின்னால் நின்றார்கள். வீரராகவன் வாத்தியார் அவர்களைப் பார்த்தார். போகச் சொல்லவில்லை. அன்று காயம்பட்டவனைத் தூக்கிப்போகத் தூளி கட்டுகிற பாடம். கயிற்றை நீட்டி, அந்தப் பக்கம் பிடி என்று சாராளிடம் சொன்னார். அவர் செய்ய முடிந்தது அவ்வளவுதான். எஸ்.எஸ்.எல்.சி. முடிகிறவரை அவள் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிடவில்லை.

அதன் பிறகு சாராள் ஆசிரியர் பயிற்சி முடித்து, 1971இல் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்ததும் செய்த முதல் காரியம் பெண்களைச் சேர்த்து ஒரு சாரணியர் படை தொடங்கியது. டிசம்பர் வந்ததும் கூடாரத்தோடு கிளம்பினாள். ஊரில் புகார் எழுந்தது. வயசுக்கு வந்த பெண்களை வெளியே படுக்கவைக்கிறாள் என்று எழுதிப்போட்டார்கள். வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கே போய் இன்னொரு படை தொடங்கினாள். அங்கிருந்தும் மாற்றினார்கள். என்னை மாத்தி மாத்தி நீங்களே தாலுக்கா முழுக்கப் படை வெச்சுக் குடுத்துடுவீங்க போலிருக்குது என்று அவள் கல்வி அலுவலகத்திலேயே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. கேட்டால், அப்படிச் சொல்லவில்லை, நினைத்தேன் என்பாள்.

பெண் பார்க்க வந்தவர்களிடமும் மறைக்கவில்லை. முதலில் வந்த குடும்பம், கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கூடாரம், கயிறெல்லாம் விட்டுவிட வேண்டும் என்றது. அப்ப நீங்க காபி குடிச்சுட்டுக் கிளம்புங்க என்று அவளே சொல்லிவிட்டாள். யேசுதாஸ் பேஜாரு ஆய்டுச்சேம்மா என்று புலம்பினார். மேரி, போறவங்க போட்டும் என்றாள். அடுத்து வந்த தானியேல், புதிதாகத் திறந்த ஒரு இரும்புப் பட்டறையில் ஃபிட்டர். டிசம்பரில் தான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று சாராள் சொன்னதைக் கேட்டுவிட்டு, மழை பெஞ்சா இன்னா பண்ணுவீங்க என்று மட்டும் கேட்டான். அவள் வாய்க்கால் வெட்டுவதைப் பற்றி விளக்க ஆரம்பித்தாள். அவன் கடைசிவரை கேட்டான். அந்தச் சம்பந்தம் முடிவானது.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கின. வயல்வேலையை விட்டவர்கள் ஷிஃப்ட் வேலைக்குப் போனார்கள். சாராள் டீச்சரின் படையில் இப்போது அவர்கள் வீட்டுப் பெண்கள். சவுக்குத் தோப்புகள் ஒவ்வொன்றாக வேலிக்குள் போனதால், 1978இல் முகாமுக்குத் தேர்வாய் கண்டிகை என்கிற ஊர்ப் பக்கத்து மேய்ச்சல் புறம்போக்கைப் பிடித்தாள். செம்மண் தரை, முள்புதர், தூரத்தில் ஆந்திரப் பக்கத்துக் குன்றுகள்.

முதல் நாள் எல்லாம் முடிந்து, கூடாரங்கள் வரிசையாக நின்று, அடுப்பும் எரிந்துகொண்டிருந்தபோது, அணித்தலைவி முத்தம்மா டீச்சரிடம் வந்து நின்றாள். முத்தம்மாவின் அப்பா, சாராளின் கணவன் தானியேலோடு பட்டறையில் வேலை செய்கிறவர். பின்னால் மற்றப் பெண்களும் வந்து நின்றார்கள்.

“டீச்சர், நீங்க இன்னிக்கு ஊர்ல போய்ப் படுத்துக்கறீங்களா?”

சாராளுக்கு முதலில் புரியவில்லை. எதற்கு என்று கேட்டாள்.

நீங்கள் இருந்தால் எதற்கெடுத்தாலும் உங்களைக் கேட்கிறோம், கயிறு சரியாக இருக்கிறதா, உலை கொதித்ததா என்று எல்லாவற்றுக்கும் உங்கள் முகத்தைப் பார்க்கிறோம் என்றாள் முத்தம்மா. தாங்களே காவல் முறை போட்டுக்கொண்டதையும், ஏதாவது என்றால் விசில் ஊதுவதாகவும் சொன்னாள். ஊர் கூப்பிடு தூரம்தான்; முத்தம்மாவின் பெரியம்மா வீடும் அங்கேதான்.

அதெல்லாம் முடியாது என்றாள் சாராள். என் பொறுப்பு என்றாள். பாம்பு பூச்சி இருக்கும் இடம் என்றாள். பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் நகரவில்லை.

“நாங்க பாத்துக்குவோம் டீச்சர்” என்றாள் முத்தம்மா மறுபடியும். “நீங்க போனாதான் நாங்க பாத்துக்குவோம்.”

சாராள் கோபத்தோடு முதலுதவிப் பெட்டியை அவள் கையில் திணித்தாள். அரிக்கேன் விளக்குக்கு எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. கூடாரக் கயிறு ஒன்றைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தாள். தளர்த்தியாயிற்று டீச்சர் என்றது யாரோ ஒரு குரல். அவள் நிமிர்ந்து, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, முள்புதர்களுக்கு நடுவில் இருந்த மாட்டுத் தடத்தில் ஊரைப் பார்த்து நடந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. பாதி தூரம் போகும்வரை கோபம் தணியவில்லை. பின்னால் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.